மகள் பிறந்த நாட்டுக் கைவினைப் பொருட்கள்: எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது?

வெள்ளைநூல்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளை 2012இல் எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்தோம். அப்போது ஒன்றரை வயது, இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீதிமன்ற விசாரணைக்கு ஒரு தடவை, அவளை அழைத்துவர ஒரு தடவை என்று அடிஸ் அபாபாவுக்கு இரண்டு முறை போனோம். இரண்டாவது தடவை, கிளம்புகிற அன்று மதியம் மூன்று மணி நேரம் கிடைத்தது. காரோட்டி ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் ஒரு கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளை நெதெலா சால்வை, ஜெபெனா என்கிற கறுப்பு மண் காப்பிக் குடுவை, வெள்ளிச் சிலுவை, ஆட்டுத்தோலில் வரைந்த படம், கூடை, பொம்மை. தத்தெடுக்கிற பலர் பதினெட்டுப் பிறந்தநாளுக்குப் பதினெட்டுப் பொருள் என்று வாங்கி வைப்பதுண்டு இல்லையா, அது மனதில் இருந்தது. பதினொன்றுதான் சேர்ந்தது. வருடம் ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, பன்னிரண்டாவது பிறந்தநாளோடு தீர்ந்துவிட்டது.

போன மாதம் அவள் அந்தச் சால்வையை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இதை யாரு நெய்தாங்க?" எத்தியோப்பியாவில் நெய்தது என்றேன். "அது தெரியும். யாரு?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அந்தக் கடையின் பெயர்கூட நினைவில் இல்லை.

அடுத்த வருடம் மூன்று பேரும் போகிறோம். தெற்கே வொலாய்டா சோடோ பக்கம்தான் அவள் பிறந்தது. இந்தத் தடவை சரியாக வாங்க வேண்டும். எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

நான் பழைய துணிகளைப் பாதுகாக்கும் வேலை செய்கிறேன், எத்தியோப்பியத் தறிகளைப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை போயிருக்கிறேன். அதனால் துணி பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருக்கும் சால்வையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெதெலா என்றால் மெல்லிய துணி இரண்டு மடிப்பு. அதையே நான்கு மடிப்பாகக் கனமாகச் செய்தால் அதன் பெயர் வேறு. கையால் நூற்ற பருத்தி என்றால் ஊடையில் ஓர் இடம் தடிப்பாகவும் ஓர் இடம் இழைபோலவும் தெரியும், மழைக்கோடு மாதிரி. அப்புறம் கரை. திபெப் என்று சொல்வார்கள். அதை விரலால் தடவிப் பாருங்கள், நெய்த கரை என்றால் மேடு தட்டும், திருப்பிப் பார்த்தாலும் நூல் ஓடுவது தெரியும். அச்சடித்த கரை வழவழப்பாக இருக்கும், பின்பக்கம் வெளுத்திருக்கும். இயந்திரத்தில் அச்சடித்த போலிகள் சந்தையில் நிறைய வருகின்றன, கடைக்காரர் அவற்றையும் கைத்தறி என்றுதான் சொல்வார்.

அடிஸ் அபாபாவில் எந்தோத்தோ மலையடிவாரத்தில் ஷிரோ மேடா என்று ஒரு சந்தை இருக்கிறது, துணிக்கென்றே உள்ள இடம். அங்கே தறியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கே காமோ மேட்டுநிலத்திலிருந்து வந்தவர்கள், டோர்சே மக்கள் என்று வெளியே பெயர். குழித்தறி. ஆண்கள் நெய்வார்கள், பெண்கள் நூற்பார்கள். ஆக உங்கள் சால்வையை நெய்தது யார் என்ற கேள்விக்குப் பாதி பதில் இது: அநேகமாகக் காமோ பக்கத்து ஆண் ஒருவர், நூற்றது ஒரு பெண்.

ஆனால் நீங்கள் வொலாய்டா என்று சொன்னதைப் பார்த்ததும் வேறொன்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளை நெதெலா வடக்கு மேட்டுநிலத்து உடுப்பாகத்தான் பெயரெடுத்தது, இன்று நாடு முழுக்க உடுத்துகிறார்கள், அதில் தவறே இல்லை. ஆனால் வொலாய்டாக்காரர்கள் தங்களுடையது என்று சொல்கிற துணி டுங்குசா. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கோடுகள். செப்டம்பரில் கிஃபாட்டா, அவர்களுடைய புத்தாண்டு. அன்றைக்கு சோடோவில் பார்த்தால் தெருவே அந்த மூன்று நிறம்தான். உங்கள் வீட்டில் டுங்குசா இருக்கிறதா?

வெள்ளைநூல்:

இல்லை. அந்தப் பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். பன்னிரண்டு வருடமாக அவள் பிறந்த ஊர்ப் பெயரை வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அந்த ஊரின் துணி எதுவென்று தேடிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் பெயரை எத்தியோப்பிய எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். அது அம்ஹாரிக் எழுத்து. வொலாய்டா மொழியைப் பள்ளியில் ரோமன் எழுத்தில்தான் கற்றுத்தருகிறார்கள் என்று நேற்று இரவுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளைப் பெற்ற குடும்பம் வீட்டில் பேசுவது வொலாய்டாதான், கோப்பிலேயே எழுதியிருக்கிறது.

சமவெளி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், அதாவது உங்கள் மகள் இருக்கிற பக்கம்.

நான் நேபாளத்தில் பிறந்தவள், என்னை வளர்த்த அப்பா அம்மா தமிழர்கள். என் அறை முழுக்க நேபாளம்தான். பிரார்த்தனைக் கொடி, தங்கா ஓவியம், அடித்தால் ரீங்காரமிடும் வெண்கலக் கிண்ணம், யாக் ரோமச் சால்வை, பனிமலைப் படம். அப்பா ஒவ்வொன்றையும் அவ்வளவு ஆசையாக வாங்கினார். யாராவது வீட்டுக்கு வந்தால் "இவ ஊர்ப் பொருள்" என்று எடுத்துக் காட்டுவார். நானும் பத்தொன்பது வயது வரைக்கும் நான் மலைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது ஜனக்பூர் பக்கம். தெற்குச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூடக் கிடையாது. பேசுவது மைதிலி. யாக்கும் கிடையாது, பனியும் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் மண் சுவரில் யானை, மீன், மயில், மூங்கில், தாமரை என்று வரைவார்கள், அரிசி மாவைக் கரைத்து விரலால் கோடு இழுப்பார்கள். ஜனக்பூரில் பெண்கள் சேர்ந்து நடத்தும் மையம் ஒன்று இருக்கிறது, சுவரில் வரைந்ததைக் காகிதத்தில் வரைந்து விற்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது ஒரு பாட்டி என் கண்முன்னால் ஒரு மீனை வரைந்து முடித்தார். முதலில் கண், அப்புறம்தான் உடம்பு. அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அவர் பெயரை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைத்தேன், ஏனென்றால் அவருக்கு எழுதத் தெரியாது. அந்தக் காகிதம் லோக்தா, மலைச் சரிவில் வளரும் செடியின் பட்டையிலிருந்து செய்வது. ஆக என் படத்தில் மலையும் இருக்கிறது, சமவெளியும் இருக்கிறது. என்னிடம் இருக்கும் பொருட்களிலேயே அது ஒன்றைத்தான் நான் வீடு மாறும்போது கையில் எடுத்துக்கொண்டு போகிறேன், மற்றதெல்லாம் பெட்டியில் போகும்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நாட்டை வாங்காதீர்கள், ஊரை வாங்குங்கள் என்று எல்லாத் தத்துப் பெற்றோரிடமும் சொல்ல ஆசை.

பிறந்தநாளுக்கு ஒன்று என்ற விஷயம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் அது உண்டு. ஐந்து, ஆறு வயதில் பிடித்திருந்தது. பதினோரு வயதில், கேக் வெட்டி முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொதி வரும், உடனே அறை அமைதியாகிவிடும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு எனக்கு என் சிநேகிதிகளைப் போல வெறுமனே பதினோரு வயது ஆக வேண்டும், அவ்வளவுதான். அழக்கூட முடியாது, அம்மா வருத்தப்படுவாள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எப்போது திறப்பது என்று பிள்ளை முடிவு பண்ணட்டும்.

பெட்டகம்:

பத்து வருடத்துக்கு மேல் தத்துக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். சமவெளி சொன்னது பொன்னான பேச்சு, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாள் பொதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பையன்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவன் கொரியாவில் பிறந்தவன், அவனுக்கு அப்பா ஒரு டோஜாங் செய்து வாங்கினார், கொரியப் பெயர் செதுக்கிய முத்திரை. கொரியாவில் அது சும்மா அலங்காரம் இல்லை, வங்கியிலும் பத்திரத்திலும் கையெழுத்துக்குப் பதிலாகப் போடுவது. அந்தப் பையன் தன் நோட்டுப் புத்தகம் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் சிவப்பு மையில் அதைக் குத்திக்கொண்டிருந்தான். அலமாரியில் வைத்துப் பார்க்கிற பொருளைவிடக் கை போகிற பொருள்தான் பிள்ளையோடு ஒட்டுகிறது, இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

குவாத்தமாலாவிலிருந்து பிள்ளை எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒரு விஷயம். மாயா பெண்களின் உய்ப்பில், அந்த மேல்சட்டை, ஊருக்கு ஊர் வேறு. இடுப்புத் தறியில் ஒன்றை நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், நிறத்தையும் உருவத்தையும் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். சந்தையில் அழகழகான கைப்பை தொங்கும், அதில் நிறையப் பழைய உய்ப்பிலை வெட்டித் தைத்தவை. காசு இல்லாமல் ஒரு பெண் தன் சட்டையை விற்றிருப்பாள், இன்னொருவர் கத்தரியால் வெட்டியிருப்பார். தங்கள் வடிவங்களைக் கம்பெனிகள் எடுத்து விற்பதை எதிர்த்து மாயா நெசவாளப் பெண்கள் 2016இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே போனார்கள். வெட்டாத ஒன்றை, நெய்தவளிடமே, ஒன்றே ஒன்று வாங்குங்கள்.

வெள்ளைநூல், உங்களுக்கு ஒரு கேள்வி. அவளை உங்கள் கையில் கொடுத்தபோது என்ன உடுத்தியிருந்தாள்? அது இருக்கிறதா?

வெள்ளைநூல்:

இருக்கிறது. ஒரு பச்சை ஸ்வெட்டர், காலுறை ஒரு சோடி. துவைக்காமல் வைத்திருக்கிறேன். பரண்மேல் இருக்கிறது, எடுத்துப் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

நேர்வழி:

மன்னிக்கவும், எனக்கு இதில் வேறு கருத்து. சால்வையும் குடுவையும் வாங்கிப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தை அங்கே ஒரு அநாதை இல்லத்துக்குக் கொடுத்தால் நாலு பிள்ளைகள் சாப்பிடும். உண்மையாகவே கேட்கிறேன், யாரையும் குத்திக்காட்ட இல்லை.

பெட்டகம்:

நல்ல மனசோடு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். உலகம் முழுக்க அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இல்லத்துக்குப் பணம் குவிந்தால் இல்லம் பெரிதாகும், பிள்ளைகள் கூடுவார்கள். பணம் குடும்பத்துக்குப் போனால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். எத்தியோப்பியா 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தையே தடை செய்ததற்கும், வெளியே போன பிள்ளைகளின் நிலை பற்றிய கவலையோடு, பிள்ளை நம் நாட்டிலேயே வளரட்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம்.

நூல்கண்டு:

இந்தப் பேச்சு வந்ததால், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைநூல், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

காமோ மேட்டுநிலத்திலிருந்து அடிஸ் அபாபாவுக்குத் தறியில் உட்கார வருகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள் இல்லை. பள்ளிக்கு அனுப்புகிறேன், தொழில் கற்றுத்தருகிறேன் என்று ஊரிலிருந்து சிறு பையன்களை அழைத்துவந்து, இருட்டு அறையில் காலையிலிருந்து இரவு வரை நெய்ய வைப்பது வருடக்கணக்காக நடக்கிற விஷயம். அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில், குழந்தைகளையும் கட்டாயத்தையும் வைத்துச் செய்யும் பொருட்களில் எத்தியோப்பியாவின் கைத்தறித் துணி இருக்கிறது. உங்கள் சால்வை அப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "யாரு நெய்தாங்க" என்று உங்கள் மகள் கேட்டது லேசான கேள்வி இல்லை. அவளுடைய வயதில் ஒரு பையன் நெய்திருக்கலாம், அவளுடைய ஊருக்குப் பக்கத்து மலையிலிருந்து வந்தவன்.

அதனால்தான் சொல்கிறேன், வாங்காமல் இருப்பது தீர்வு இல்லை, தறிவரைக்கும் போய் வாங்குவதுதான் தீர்வு. ஒழுங்காகக் கூலி வாங்கும் வயது வந்த நெசவாளி ஒருவர் ஊரில் இருந்தால் அவர் பிள்ளை பள்ளிக்குப் போகும். சோடோவிலிருந்து அர்பா மிஞ்ச் போகும் சாலை காமோ மலைகளின் அடிவாரமாகத்தான் போகிறது. அங்கிருந்து சென்சா போகும் வழியில் டோர்சே கிராமங்கள் வரும், வீட்டு வாசலிலேயே தறி இருக்கும். நெய்கிறவர் முன்னால் உட்கார்ந்து பேசலாம். அடிஸில் என்றால் சபாஹர் மாதிரி, நூற்பது முதல் சாயம் வரை ஒரே வளாகத்தில் காட்டும் இடங்களும் இருக்கின்றன. எந்தக் கடையாக இருந்தாலும் கேளுங்கள்: தறி எங்கே, பார்க்கலாமா, துணிக்கு எவ்வளவு கூலி, விலையில் பாதிக்கு மேல் யார் கைக்குப் போகிறது. பார்க்கக் கூடாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

விலையில் ரொம்பவும் அடித்துப் பேசாதீர்கள். அதற்காகக் கேட்டதை அப்படியே கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, ஒரு முறை கேளுங்கள், மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியில் அவருக்கு எத்தனை நாள் போனது என்று முதலில் கேட்டுவிட்டால் உங்களுக்கே பேரம் பேச வாய் வராது.

நேர்வழி:

இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி. நான் முன்னால் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எல்லைக்கோடு:

சரக்கு அனுமதி சம்பந்தமான வேலையில் இருக்கிறேன், விமான நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சிலுவை, பழைய கையெழுத்துத் தோல்சுருள், தேவாலயத்துப் பொருள் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் கிட்டவே போகாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, அது புதிதாகச் செய்து புகை போட்டுப் பழையதாக்கியது, பணம் போச்சு. இல்லை, நிஜமாகவே பழையது, அப்படியானால் எங்கோ ஒரு தேவாலயத்திலிருந்து எடுத்தது, எத்தியோப்பியாவில் பாரம்பரியத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே கொண்டுபோனால் பறிமுதல்தான். புதுச் சிலுவை வாங்குங்கள், மெழுகில் உரு செய்து வார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் 1780 என்று ஆண்டு போட்ட மரியா தெரேசா வெள்ளிக்காசை உருக்கித்தான் செய்தார்கள், நாட்டில் புழங்கிய வெள்ளியே அதுதான். எல்லா நாட்டிலும் இதேபோல் ஏதாவது ஒரு விதி உண்டு. சீனாவில் 1911க்கு முந்தையதை வெளியே கொண்டுபோக விடுவதில்லை.

யானைத் தந்தம், ஆமை ஓடு, சிறுத்தைத் தோல் எதுவாக இருந்தாலும், சின்ன வளையலாக இருந்தாலும் வேண்டாம். 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்ஸ் ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே அதையெல்லாம் தடுக்கிறது. ரோமம் உள்ள தோல் போர்த்திய மத்தளம், பதப்படுத்தாத தோல், பட்டை உரிக்காத மரம், விதை கோத்த மாலை, இவற்றைச் சில நாடுகள் பூச்சிக்கும் நோய்க்கும் பயந்து எரித்தே விடுவார்கள். உங்கள் நாட்டு விதியைக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள், அப்புறம் பெட்டியில் இருப்பதை மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். ஜெபெனாவைக் கைப்பெட்டியில் வையுங்கள், உள்ளே துணி திணித்து, மூக்குப் பகுதியைத் தனியாகச் சுற்றி. உடைவது எப்போதும் அங்கேதான்.

கடல்காற்று:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது.

என் மனைவி இலங்கையில் பிறந்து 1984இல் கைக்குழந்தையாக நெதர்லாந்து போனவள். அவளை வளர்த்த அம்மா அப்போது காலி என்கிற தென்கரை ஊரிலிருந்து ஒரு பீரலு சரிகை, அதாவது கையால் பின்னிய லேஸ், வாங்கி வந்தார். தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கதிர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த வேலை என்று சொல்வார்கள், தென்கரையில் இன்றும் பெண்கள் செய்கிறார்கள். பெற்ற தாய் காலிக்காரி என்று காகிதத்தில் இருந்ததால் அதைத் தேடி வாங்கியிருக்கிறார். அவளுடைய சின்ன வயது முழுக்க அந்தச் சரிகை கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது.

அந்தக் காலத்து இலங்கைத் தத்துகளில் எவ்வளவு பொய் நடந்தது என்று இப்போது உலகத்துக்கே தெரியும். தாய் என்று நீதிமன்றத்தில் நிறுத்தியது சில நேரம் காசுக்கு வந்த வேறு பெண். 2017இல் இலங்கை சுகாதார அமைச்சரே பிள்ளைப் பண்ணைகள் இருந்ததை ஒத்துக்கொண்டார். 2021 பிப்ரவரியில், வெளிநாட்டுத் தத்துகளை விசாரித்த யௌஸ்ட்ரா குழுவின் அறிக்கை வந்ததும் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்து முழுவதையும் நிறுத்தி வைத்தது. அதைப் படித்துவிட்டுத்தான் என் மனைவி மரபணுச் சோதனை செய்தாள். ஒரு சித்தி மகன் கிடைத்தான். காலி இல்லை. மலையகம், தேயிலைத் தோட்டம், தமிழ்க் குடும்பம். நான் வீட்டில் பேசிய மொழி அவளுடைய மொழியாகவும் இருந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அன்று இரவு அவள் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். தூக்கிப் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். நாலு மாதம் அலமாரியில் கிடந்தது. அப்புறம் ஒருநாள் அவளே திரும்ப மாட்டினாள். "இது என் ஊர் இல்ல. ஆனா எங்கம்மா என்னையும் தூக்கிக்கிட்டு, இதையும் மடியில வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு யாரோ இதைப் பின்னியிருக்கா. ரெண்டுமே நெசம்தானே" என்றாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பொருளோடு காகிதம் எழுதி வைக்கும்போது இரண்டு விதமாக எழுதுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், கோப்பில் சொல்லியிருப்பது இன்னொரு பக்கம். கலக்காதீர்கள். கோப்பு நாளைக்கு மாறலாம், நீங்கள் பார்த்தது மாறாது.

சமவெளி:

கடல்காற்று அண்ணா, உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என்னுடைய கோப்பிலும் பாதி நம்ப முடியாது. மீன் வரைந்த பாட்டியை மட்டும் நான் நேரில் பார்த்தேன்.

நூல்கண்டு:

வைத்துக்கொள்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வேர்க்கும், மஞ்சளாகும். பழைய, கஞ்சி போகத் துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி இருட்டில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து வேறு இடத்தில் மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை அறுந்துவிடும். வெள்ளியை ரப்பர் பக்கத்தில் வைக்காதீர்கள், கறுத்துவிடும். தோல் ஓவியத்தை வெயில் படுகிற சுவரில் மாட்ட வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் பூட்டி வைக்காதீர்கள். பெட்டகம் சொன்ன மாதிரி, சால்வை என்றால் போர்த்தத்தான். இரண்டு வாங்குங்கள், ஒன்றை அவள் கிழியும் வரை உடுத்தட்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். குடுவை வாங்கும்போது செய்த பெண்ணையும் கேளுங்கள். தெற்கில் குயத்தொழில் செய்கிறவர்களைக் காலம் காலமாக மற்றவர்கள் கூடச் சேர்த்துக்கொள்வதில்லை, பெண் கொடுப்பதில்லை. வொலாய்டாவில் சினாஷா என்று அவர்களைப் பிரித்தே பேசுவார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதே அங்கே ஒரு பெரிய விஷயம்.

வெள்ளைநூல்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாப் பதிலையும் மகளோடு உட்கார்ந்து படித்தேன். தறியில் உட்காரும் பையன்கள் பற்றிய பகுதியை மறைக்கலாமா என்று நினைத்தேன், மறைக்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் பரணிலிருந்து பச்சை ஸ்வெட்டரை இறக்கினோம். அவளுடைய இப்போதைய கையில் அது முழங்கைக்குக்கூட வரவில்லை. உள்ளே புகை மாதிரி ஒரு மணம் இன்னும் லேசாக இருக்கிறது, அவள் முகத்தை அதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது நான் இத்தனை வருடம் பார்க்காத ஒன்றை அவள் பார்த்தாள். இடது முழங்கையில் ஓட்டை விழுந்து, அதை யாரோ கறுப்பு நூலால் இழை இழையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அடைத்திருக்கிறார்கள். அவசரத்தில் போட்ட தையல் இல்லை. விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், அதில் எனக்குத் தெரிந்து பதினாறு ஓட்டு இருக்கிறது. "அம்மா, இதுவும் கையால செஞ்சதுதானே" என்றாள்.

இல்லத்துத் தாதியா, பெற்றவளா, கோப்பில் பாட்டி என்று வருகிறவரா, தெரியாது. கடல்காற்று சொன்ன மாதிரி இரண்டு பக்கமாக எழுதி உள்ளே வைத்துவிட்டோம். கண்ணால் பார்த்த பக்கத்தில் அவளே எழுதினாள்: பச்சை ஸ்வெட்டர், இடது முழங்கை, கறுப்பு நூல், 16.

மற்றப் பொருட்களுக்கும் எனக்கு நினைவிருக்கிறவரை எழுதினேன். காரோட்டி, மதியம், மூன்று மணி நேரம், நீ என் தோளில் தூங்கினாய் என்று எழுதினேன். பிறந்தநாள் பொதி இனி இல்லை. அம்ஹாரிக் பெயர்ச் சட்டம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள், பக்கத்தில் வொலாய்டா மொழியில் எழுதி ஒன்று மாட்டப் போகிறாள்.

பயணத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். நெய்கிறவரிடம் கேட்க மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறாள். உங்கள் பெயர் என்ன, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா. இந்த மூன்றையும் வொலாய்டா மொழியில் சொல்லக் கற்றுத்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், காமோ மொழி அதற்கு ரொம்ப நெருக்கம் என்பதால் டோர்சேயிலும் ஓரளவு புரியும் என்கிறார்கள். யாருக்காவது ஆள் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். டுங்குசா இரண்டு என்று எழுதி, அதை அடித்துவிட்டு மூன்று என்று மாற்றியிருக்கிறாள். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.